ரவை பூசிய ஹெட்போன்

பிற்பகல் ஒன்றரை மணிக்குத் தேவானை எங்கள் வீட்டு வேலையை முடித்துக்கொண்டு, ஆழ்வார்பேட்டையில் இன்னொரு வீட்டுக்குப் போவாள். நான்கு மணிக்குத் திரும்பி வருவாள். இடைப்பட்ட இரண்டரை மணி நேரம் என் மனைவி ஜெயலக்ஷ்மிக்கு நான் ஒருவனே துணை.

அவளுக்குப் பக்கவாதம் வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. வலக் கையும் வலக் காலும் வேறு யாருடையவையோ போலக் கிடக்கின்றன. பேச்சு ஒவ்வொரு சொல்லாக, நடுவில் நீண்ட இடைவெளி விட்டு வரும். உரக்கக் கூப்பிட அவளால் இயலாது. ஆகவே, கட்டிலின் இடப்பக்க இரும்புக் கம்பியில் ஓர் எவர்சில்வர் தம்ளரை நாடாவால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். அதை இடக் கையால் பிடித்துக் கம்பியில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரண்டு என்றால் தண்ணீர். மூன்று என்றால் மலசலத்துக்குப் பெட்பேன். இந்த முறையை வகுத்தவள் அவளே. தியாகராய நகரில் முப்பது ஆண்டுகள் அஞ்சலக எழுத்தராக இருந்தவள். எதற்கும் ஒரு முறை இல்லாமல் அவளுக்கு ஆகாது.

மதிய உணவுக்குப் பின் அவள் சற்றுக் கண் அயர்வாள். தொலைக்காட்சி வைத்தாலும் வானொலி வைத்தாலும் விழித்துக்கொள்வாள். எனக்கோ பாட்டுக் கேட்காமல் இருக்க முடியாது. மயிலாப்பூரில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தபோது, மார்கழி மாதத்தில் நான் போகாத சபை இல்லை. இப்போது மருந்துக் கடையைத் தாண்டிப் போவதில்லை. போனாலும் அரை மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பதால், நடப்பதே தண்டனைபோல் இருக்கிறது. சபைகளில் பதிவு செய்த கச்சேரிகள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. கேட்க ஒரு கருவிதான் வேண்டியிருந்தது.

ஈக்காட்டுத்தாங்கலில் ஒலிபெருக்கி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கும் கதிரேசன் என் பழைய மாணவன். அவனுக்கும் நாற்பத்தைந்து வயதாகிவிட்டது. அவனே ஒரு ஹெட்போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"ஐயா, இது ஓப்பன் பேக். பின்னாடி பாருங்க, சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்குல்ல? பாட்டும் கேக்கும், வீட்டுச் சத்தமும் கேக்கும். அம்மா தட்டினா உங்க காதுல விழணுமே, அதுக்குத்தான் இது. மூடின மாடல் கொண்டாந்தா நாளைக்கு என்னைத் திட்டுவீங்க."

"மூடின என்று சொல்லாதே. மூடிய."

"இப்பவே ஆரம்பிச்சிட்டீங்க," என்று சிரித்தான். உள்ளே போய் ஜெயலக்ஷ்மியைப் பார்த்துவிட்டு வந்தவன், அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

அவன் சொன்னது உண்மைதான். கச்சேரி கேட்டுக்கொண்டிருக்கும்போதே தெருவில் கீரைக்காரி கூவுவதும், மாடியில் நாற்காலி இழுபடுவதும், தம்ளர் கம்பியில் படுவதும் தெளிவாகக் கேட்டன. ஆனால் ஒரு குறை. வாய்ப்பாட்டும் வயலினும் சரியாக இருந்தன; மிருதங்கத்தின் இடப்பக்கம் மட்டும் இல்லை. தொப்பி என்று சொல்லப்படும் அந்தப் பக்கம்தான் ஆழ்ந்த ஒலியைத் தரும். அது இல்லாமல், மிருதங்கம் மட்டும் தனித்து ஒலிக்கும் தனியாவர்த்தனத்தைக் கேட்பது, மெய்யெழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாக்கியத்தைப் படிப்பது போன்றது. வித்வான் கையை ஓங்குவது மனக்கண்ணில் தெரிகிறது, ஒலி வரவில்லை. சினம்தான் வந்தது.

கதிரேசனைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன்.

"ஓப்பன் பேக்குல பேஸ் அவ்வளவுதாங்க ஐயா. பின்பக்கம் தொறந்து கிடக்குல்ல, அதுவழியாப் போயிடும். வேணும்னா நீங்களே கொஞ்சம் மாத்தலாம். நெட்டுல நிறைய பேரு போட்டிருக்காங்க. பாத்து, ரொம்ப அடைச்சிடாதீங்க."

தேடியதில் தமிழிலேயே ஒரு பக்கம் கிடைத்தது. அதை எழுதியது மனிதன் அல்லன் என்பது முதல் வரியிலேயே விளங்கிவிட்டது. 'முதலில் உங்கள் காதுகளைக் கழற்றிப் பாதுகாப்பான இடத்தில் வைக்கவும்' என்று அது தொடங்கிற்று. எழுவாய் ஓரிடத்தில் நிற்க, பயனிலை வேறெங்கோ அலைந்தது. இதைப் படிக்கும் தமிழர் ஒருவர்கூட வெளியிட்டவரைக் கேள்வி கேட்கவில்லையே என்று எனக்குப் பொறுக்கவில்லை. முழுவதையும் ஒரு தாளில் பெயர்த்தெழுதி, சிவப்பு மையால் திருத்தினேன். முதல் பத்தியில் மட்டும் பதினான்கு பிழைகள். திருத்தி முடித்த பிறகே, கழற்ற வேண்டியவை காதைச் சுற்றி அமரும் மெத்தைகள் என்பது புரிந்தது.

வேலை ஒரு வாரம் நடந்தது. வேண்டிய பொருள்கள் அனைத்தும் ஜெயலக்ஷ்மியின் மருந்துத் தட்டிலேயே இருந்தன. முதல் நாள் மெத்தைகளைக் கழற்றி, ஒலி வரும் வட்டத்தின்மேல் ஒட்டியிருந்த மெல்லிய பஞ்சு வில்லையை எடுத்தேன். குரல்மீது கிடந்த போர்வை விலகியது. இரண்டாம் நாள் அவளுக்குப் புண் துடைக்கும் பஞ்சைக் கிழித்து மெத்தைக்குள் அடைத்தேன். அடுத்து, பின்பக்கத்துச் சல்லடையில் பாதி ஓட்டைகளைக் காகிதப் பிளாஸ்திரி போட்டு மறைத்தேன். தொப்பி, அடுத்த தெருவில் யாரோ வாசிப்பதுபோல் சற்றே கேட்டது.

அடுத்த படியாக நீலநிறப் பிசின் ஒன்றைச் சல்லடையின்மேல் பிசைந்து ஒட்டிக் கனம் ஏற்ற வேண்டும் என்று அந்தப் பக்கம் கூறியது. லஸ் முனையில் மூன்று கடைகளில் கேட்டேன். அப்படி ஒன்றை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. வெறுங்கையோடு திரும்பி வரும்போதுதான் எனக்கு ரவை நினைவுக்கு வந்தது.

கச்சேரி தொடங்குமுன் மிருதங்கக்காரர் மேடையிலேயே ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, தொப்பியின் நடுவில் வட்டமாக அப்புவதை நாற்பது ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன். அந்தக் கனம்தான் ஒலிக்கு ஆழம் தருகிறது. மிருதங்கத்துக்கு ஏற்றது அதன் ஒலியைத் தரும் கருவிக்கும் ஏற்றதாகத்தானே இருக்க வேண்டும்? கச்சேரி முடிந்ததும் அவர்கள் அதைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இரண்டு சல்லடைகளின்மீதும் காயத்துக்குக் கட்டும் வலைத்துணியை ஒட்டி, அதன்மேல் ரவையை அப்பிக்கொண்டிருந்தபோது தேவானை வந்து நின்றாள்.

"இன்னா சார், ஹெட்போனுக்கு உப்புமா ஊட்டிக்கினு கீற?"

"உப்புமா அன்று. ரவை."

"தாளிச்சா உப்புமாதான்."

கட்டிலிலிருந்து ஜெயலக்ஷ்மி பார்த்துக்கொண்டிருந்தாள். "எறும்பு..." என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "வரும்," என்று முடித்தாள்.

நான் அடுத்த பிடி ரவையை அப்பினேன்.

மறுநாள் காலை ரவை கல்லாக இறுகியிருந்தது. ஹெட்போனை அணிந்துகொண்டு கூடத்தில் உட்கார்ந்து, தேவானையைக் கம்பியில் தட்டச் சொன்னேன். மூன்று முறை தட்டினாள்.

"கேக்குதா சார்?"

"கேட்கிறது."

கேட்டது. அந்தச் சோதனையின்போது ஹெட்போனில் பாட்டு ஓடவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் தேர்வு நடத்தியவன் நான். விடை தெரிந்த வினாவை மட்டும் கேட்டால் அது தேர்வு ஆகாது என்பது எனக்குத் தெரியும். அன்று தெரியாதவன்போல் இருந்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஜெயலக்ஷ்மியின் அறையிலேயே ஒரு நாற்காலி இருந்தது. முதல் சில மாதங்கள் அதில்தான் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த நாற்காலி எப்போதோ கூடத்துச் சன்னலோரத்துக்கு வந்துவிட்டது. வெளிச்சத்துக்காக என்று தேவானையிடம் கூறினேன். இரண்டரை மணி நேரமாவது எனக்கும் அவளுக்கும் இடையே ஒரு சுவர் இருக்கட்டும் என்று நினைத்ததை யாரிடமும் கூறவில்லை.

அன்று வியாழக்கிழமை. தேவானை புறப்பட்டுப் போனாள். ஜெயலக்ஷ்மி கண்களை மூடிக்கொண்டாள். நான் கூடத்துக்கு வந்து, தியாகராய நகர்ச் சபை ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த கச்சேரியைத் தேர்ந்தெடுத்தேன். நேராகத் தனியாவர்த்தனத்துக்குப் போனேன். மிச்ர சாபு தாளம்.

தொப்பி வந்தது. அடிவயிற்றிலிருந்து எழுவதுபோல் வந்தது. வித்வான் உள்ளங்கையால் அழுத்தி இழுக்கும்போது, ஒலி வளைந்து ஏறிப் பின் இறங்கியது. என் தோள்கள் தாமாகத் தளர்ந்தன. இத்தனை மாதங்கள் அவற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. தெரு இல்லை, மாடி வீடு இல்லை, கீரைக்காரி இல்லை.

தனி பாதியை எட்டியபோது, நடுவே ஒரு கட்டை ஒலி கேட்டது. மங்கலாக, தொலைவில், டக், டக், டக் என்று மூன்று. சிறிது இடைவெளி. மீண்டும் மூன்று.

அரங்கின் முன்வரிசையில் யாரோ நாற்காலிக் கையில் மோதிரத்தால் தட்டுகிறார் என்று முடிவு செய்தேன். இத்தகையவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். தாளம் அறியாதவர்கள்தாம் எப்போதும் முன்வரிசையில் அமர்ந்து, தாளம் போடுவார்கள். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் அப்படிப்பட்ட ஒருவரை இடைவேளையில் நிறுத்தி, "ஐயா, சாபு தாளத்துக்கு ஏழு எண்ணிக்கை, தாங்கள் ஆறோடு நிறுத்திவிடுகிறீர்கள்," என்று நேரிலேயே சொல்லியிருக்கிறேன். இவரோ ஆறுகூட இல்லை. மூன்று தட்டிவிட்டு ஓய்வெடுக்கிறார். எங்கு வேண்டுமானாலும் தொடங்குகிறார். ஓர் அரிய தனியை, பதிவாகி நிலைத்துவிட்ட ஒன்றை, ஒரு மனிதர் இப்படிப் பாழாக்கலாமா? அதைக் கேட்டுத் திருத்தாமல் அப்படியே வெளியிடும் சபைக்குப் பொறுப்பு இல்லையா?

தாளை எடுத்தேன். ஹெட்போனைக் கழற்றாமலே எழுதினேன்.

'பெருமதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் சபை வெளியிட்டுள்ள ஒலிப்பதிவில், தனியாவர்த்தனத்தின்போது முன்வரிசையில் அமர்ந்திருந்த யாரோ ஒருவர், தாளத்தோடு எவ்விதத் தொடர்பும் இன்றி, மும்மூன்றாகத் தட்டிக்கொண்டே இருக்கிறார். இத்தகையோரை அரங்கினுள் அனுமதிப்பது, வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் ஒருசேர இழைக்கப்படும் அவமதிப்பாகும்.'

மும்மூன்றாக என்று என் கையாலேயே எழுதினேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. உறைக்கவில்லை என்றுதான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த மனிதர் வேகமாகத் தட்டினார். பின்பு இடைவெளி நீண்டது. கடைசியாக ஒற்றைத் தட்டு ஒன்று கேட்டது. அதற்குப் பிறகு இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் கண்டித்திருப்பார் என்று எண்ணி நிறைவடைந்தேன். ஒற்றுப் பிழை ஏதும் இருக்கிறதா என்று கடிதத்தை ஒருமுறை சரிபார்த்து, 'இங்ஙனம், சுப்புராயன்' என்று கையொப்பமிட்டேன். தனியை மீண்டும் முதலிலிருந்து கேட்காமல், அடுத்த பாட்டுக்குப் போனேன். அதற்கடுத்ததையும் கேட்டேன்.

தோளில் கை பட்டது. தேவானை. ஒரு பக்கத்து மெத்தையை அவளே என் காதிலிருந்து விலக்கினாள். அப்போதுதான் வாடை வந்தது.

"எழுந்து வா சார்," என்றாள். குரலை உயர்த்தவில்லை.

ஜெயலக்ஷ்மி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தாள். தானே இறங்க முயன்றிருக்கிறாள் போலும். இடக் கால் கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. போர்வை, விரிப்பு, அவளுடைய சேலை எல்லாம் நனைந்து அழுக்காகியிருந்தன. அஞ்சலகத்துக்குப் போகும் நாள்களில், கஞ்சி போட்டு இஸ்திரி செய்யாத சேலையை அவள் உடுத்தியதே இல்லை.

"அம்மா எவ்ளோ நேரமாத் தட்டிக்கினு இருந்துச்சோ. கை முட்டி செவந்து போய்க் கீது பாரு. நீ இன்னா சார் பண்ணிக்கினு இருந்த?"

"கேட்கவில்லை."

"எப்டி கேக்கும்? காதுல ரவ."

இருவருமாக அவளைத் துடைத்தோம். தேவானை புரட்ட, நான் விரிப்பை இழுத்தேன். வெந்நீர் கொண்டுவந்தேன். நான் தொடும்போதெல்லாம் ஜெயலக்ஷ்மி கண்ணை மூடிக்கொண்டாள். தேவானை தொடும்போது திறந்தாள். பெரும்பாக்கத்தில் தன் வீட்டுக்குப் போகும் பேருந்தைத் தேவானை அன்று தவறவிட்டாள்.

அவள் போன பிறகு அந்தத் தனியை மறுபடி வைத்துக் கேட்டேன். தொடக்கத்திலிருந்து முடிவுவரை, மூன்று முறை கேட்டேன். அரங்கில் ஒருவரும் தட்டவில்லை. இருமல் சத்தம்கூட இல்லை. அத்தனை பேரும் அவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை கூடத்தைப் பெருக்கிய தேவானை, நாற்காலிக்கு அடியில் கிடந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக அறைக்குள் வந்தாள். நான் ஜெயலக்ஷ்மிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னா சார் இது? கடைக்கு லிஸ்டா?"

"ஒன்றும் இல்லை. கொடு."

ஜெயலக்ஷ்மி இடக் கையை நீட்டித் தாளை வாங்கினாள். நோய் வந்ததிலிருந்து எழுத்துகள் அவள் கண்ணில் நிற்பதில்லை; வரியின் பாதியிலேயே நழுவிவிடும். சிறிது நேரம் பார்த்துவிட்டு, என்னிடம் நீட்டினாள்.

"படி...ங்க."

மளிகைக் கணக்கு என்று கூறி மடித்து வைத்திருக்கலாம். எந்த மாணவனிடமும் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. வீட்டிலும் அந்தப் பழக்கம் எனக்கு ஏற்படவில்லை. எந்த வினைச்சொல்லைக் கொண்டு தொடங்குவது என்றே தெரியவில்லை. ஆகவே படித்தேன். பெருமதிப்பிற்குரிய என்பதிலிருந்து இங்ஙனம் வரை, ஓர் எழுத்து விடாமல் படித்தேன்.

தேவானை துடைப்பத்தை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள். "யார் சார் அந்த ஆளு?"

ஜெயலக்ஷ்மி தம்ளரைப் பிடித்துக் கம்பியில் மூன்று முறை தட்டிக் காட்டினாள்.

தேவானைக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மாவ உள்ள உடக் கூடாதுன்னு எழுதிட்டியா சார்?"

ஜெயலக்ஷ்மி என்னைப் பார்த்தாள். முந்தைய நாளிலிருந்து அப்போதுதான் பார்த்தாள்.

"அவசரத்துல..." என்றாள். காத்திருந்தேன். "தாளமா... பாப்பாங்க?"

அவள் வாயின் இடப்பக்கம் சற்று மேலே போயிற்று. அது சிரிப்பா என்று எனக்குத் தெரியாது. வலப்பக்கம் சேர்ந்து வராதபோது, எதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கண்ணால் காட்டினாள். மீதியை ஊட்டினேன்.

ரவையைச் சுரண்ட இரண்டு நாள்கள் ஆயின. தண்ணீர் விட்டு ஊறவைத்தால் உள்ளே இறங்கிவிடும். காய்ந்தபடியேதான் எடுக்க வேண்டும். அவளுடைய கொண்டை ஊசி ஒன்றை வளைத்து நேராக்கிக்கொண்டேன். வலைத்துணியைப் பிய்த்தபோது மேல்புறம் பெயர்ந்தது. ஓட்டைக்குள் இறங்கியிருந்தது பெயரவில்லை. ஒரு பக்கத்துக்கு இருநூறு ஓட்டைகளுக்குமேல் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஊசியை விட்டுக் குத்தி, கவிழ்த்துத் தட்ட வேண்டும். நான்காம் வரிசையில் சிற்றெறும்புகள் வெளியே வந்தன. ஆளுக்கொரு ரவைத் துகளைத் தூக்கிக்கொண்டு என் விரல்மேல் ஏறிப் போயின.

"எறும்பு," என்றேன் கட்டிலை நோக்கி.

அவள் தலையை அசைத்தாள்.

இடையே கதிரேசன் தொலைபேசியில் அழைத்தான். "பேஸ் வந்துச்சா ஐயா?"

"வந்தது. எடுத்துவிட்டேன்."

"ஏன், நல்லா இல்லையா?"

"நன்றாக இருந்தது," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிளாஸ்திரியையும் உரித்தேன். பஞ்சையும் பிடுங்கினேன். முதல் நாள் கழற்றி வைத்த மெல்லிய பஞ்சு வில்லை மட்டும் கிடைக்கவில்லை, பெருக்கும்போது போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தேவானை வரமாட்டாள். ஆகவே திங்களன்று, ஒன்றரை மணிக்கு அவள் போன பிறகு, கூடத்து நாற்காலியைத் தூக்கி அறைக்குள் கொண்டுவந்தேன். அறைக்குள் டெட்டால் வாடையும் சாம்பிராணி வாடையும் கலந்திருந்தன. சன்னல் சிறியது, காற்று இல்லை. ஹெட்போனைக் காதில் வைக்கப் போனபோது ஜெயலக்ஷ்மி கையை உயர்த்தினாள்.

"பாட்டு... போட்டுட்டு."

பாட்டை வைத்தேன்.

"அந்தப்... பக்கம்... திரும்புங்க."

அவளுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். தனி ஓடத் தொடங்கியது. டக், டக், டக். கேட்டதற்கு அடையாளமாகக் கையைத் தூக்கினேன். டக், டக். தூக்கினேன். அடுத்தது வர நேரமாயிற்று. காத்திருந்தேன். மிக மெல்ல ஒரு தட்டு, இருக்கிறதா இல்லையா என்பதுபோல் கேட்டது. தயங்கித் தூக்கினேன். அது போதவில்லை போலும். அதே மெல்லிய தட்டை இன்னொரு முறை தட்டினாள். இந்த முறை உடனே தூக்கினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் கண்ணை மூடியிருந்தாள். விரல்கள் தம்ளரின்மேல் இருந்தன.

வித்வான் வலப்பக்கத்தில் அடுக்கடுக்காக வாசித்துக்கொண்டு போனார். இடப்பக்கம் இல்லை. தெருவில் எரிவாயு உருளை வண்டி போயிற்று. மாடியில் நாற்காலியை இழுத்தார்கள். அது தனிக்கு நடுவே கேட்டது. எனக்குச் சினம் வரவில்லை, களைப்புதான் வந்தது.

பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். ஒரு தட்டு.

ஹெட்போனைக் கழற்றி நாற்காலியில் வைத்தேன். அதன் பின்பக்க ஓட்டைகள் வழியே தனி, பூச்சி ஊர்வதுபோல் தொடர்ந்து ஒலித்துக்கொண்டிருந்தது. ஒரு கையை அவள் தோளுக்குக் கீழும், மற்றொன்றை இடுப்புக்குக் கீழும் கொடுத்துச் சன்னல் பக்கமாகப் புரட்டினேன். முதுகுக்குத் தலையணை வைத்தேன். தம்ளரின் நாடா முறுக்கிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்து, சன்னல் பக்கத்துக் கம்பியில், அவள் கைக்கு எட்டும்படி கட்டினேன்.